ஆறு காலத்திலும் சாகிறவன்

ஜனவரி 9

காலையிலிருந்து குகை மனிதர்களுக்குத் தோல் தைத்தேன். தோல் என்றால் நிஜத் தோல் இல்லை. பழைய கம்பளியில் சணலைச் செருகி, டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்தது. தையல் அறை முழுக்க ஈரநாய் வாசனை. மேக்கப் அக்கா எட்டிப் பார்த்து, "இதைப் போட்டவன் பக்கத்துல எந்த மிருகமும் வராது, அவனவன் பயப்படாம நடிக்கலாம்" என்றாள்.

இந்தப் படத்தில் ஆறு காலம். கற்காலம், அரசர் காலம், பாய்மரக் கப்பல் காலம், பெரிய போர்க்காலம், இந்தக் காலம், அப்புறம் யாரும் பார்த்திராத தூர எதிர்காலம். ஒவ்வொன்றிலும் கதாநாயகனும் நாயகியும் புதிதாகப் பிறந்து காதலிப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவன் அவர்கள் கண்ணெதிரே சாவான். ஆறு காலத்திலும் சாகிறவன் ஒரே ஆள். பேர் கிடையாது, வசனம் கிடையாது, முகம் மட்டும் உண்டு. அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

பதினெட்டு வருஷமாகச் சண்டைக்காட்சிகளில் மாடியிலிருந்து குதிக்கிறார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறார். எல்லாம் வேறு யாருடைய சட்டையிலோ, முதுகைக் காட்டித்தான். இப்போதுதான் முகம். நேற்று நிலைக்கண்ணாடி முன்னால் நின்று செத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணை மேல சொருகினா நல்லாருக்கா, இல்ல மூடிட்டே போகட்டுமா?" என்று என்னைக் கேட்கிறார். வாயைக் கழுவுங்க என்றேன்.

இத்தனை நாள் அவர் விழுவது எங்கோ, நான் தைப்பது எங்கோ. இந்தப் படத்தில் இரண்டு பேரும் ஒரே யூனிட். இனி கண்ணால் பார்க்க வேண்டும். முடியுமா என்னால்?

ஜனவரி 16

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

இன்று கற்காலச் சாவு. காட்டெருமை முட்டிச் சாய்க்க வேண்டும். மரச்சட்டத்தில் செய்த எருமை. உள்ளே நாலு பேர் சுமந்து நடப்பார்கள். அவர் மேல் படாமல் நிறுத்துவதாகத்தான் ஒத்திகை. முன்னால் சுமந்தவருக்குக் கால் சறுக்கிவிட்டது. மொத்த எருமையும் என் வீட்டுக்காரர் நெஞ்சில்.

சண்டைக்காரர்களுக்குள் ஒரு கை ஜாடை உண்டு. இடது கை விரல்களை அகல விரித்து, மூடி, மறுபடி விரிப்பது. நடிப்பில்லை, நிஜமாகவே முடியவில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கை எருமைக்கு அடியிலிருந்து வெளியே வந்து விரிந்தது. மூடியது. விரிந்தது.

சண்டை மாஸ்டர் அந்தப் பக்கம் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கண்ணில் படவில்லை. மற்றவர்களுக்கு அது ஜாடை என்றே தெரியாது. படப்பிடிப்பில் டைரக்டர் "கட்" சொல்லும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது. நானும் திறக்கவில்லை. பழக்கதோஷம். புருஷன் மூச்சு விட முடியாமல் கிடக்கிறான், நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறேன். நானெல்லாம் ஒரு பெண்டாட்டி.

கட் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

விலா எலும்பு முறியவில்லை, கன்றிப்போயிருக்கிறது.

ஜனவரி 17

டைரக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்கே, அந்த விலாவிலேயே. "அந்தக் கை இருக்கே, அதுதான் படம்" என்றார். "ஆறு காலத்துலயும் நீங்க சாகிறப்ப அதே மாதிரி கையை விரிக்கிறீங்க. காலம் மாறுது, உடுப்பு மாறுது, சாகிறவன் கை மட்டும் மாறல. புரியுதா?"

எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும்தான் புரிந்தது. நிஜமாக முடியாதபோது காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு கை. அதையும் கதைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், இனி நிஜமாகவே ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று. "காலை உதறுறேன், போதுமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்டி. படு" என்றார். படுத்தேன், தூங்கியது அவர்தான்.

பிப்ரவரி 2

அரசர் காலம். கம்பத்தில் கட்டி ஈட்டி எறிவது. ஒத்திகையில், "இதான் புது ஜாடை, பார்த்துக்க" என்பதுபோல் என்னைப் பார்த்துக் காலை இரண்டு தடவை உதறினார். விளையாட்டுக்குத்தான்.

டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "காலும் நல்லாருக்கு. அதையும் வச்சுக்கலாம்."

இந்த மனுஷர் கண்ணில் எது பட்டாலும் போச்சு.

பிப்ரவரி 11

கப்பல் காலம். தண்ணீர்த் தொட்டியில் மூழ்கினார். அவர் உள்ளே போனபோது நானும் மூச்சைப் பிடித்தேன், விட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. மேக்கப் அக்கா என்னைத் தாங்கி உட்காரவைத்து, "முழுகினது அவரு, மயக்கம் உனக்கா?" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, பசிக்கிறது என்றார்.

மார்ச் 3

போரில் மண் சரிந்து புதைந்தும் செத்தாயிற்று. இந்தக் காலத்தில் லாரி மோதியும் செத்தாயிற்று. ஐந்து முடிந்தது. இன்னும் ஒரே ஒரு காலம். அதற்கான உடுப்பைத் தைக்க எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 14

ஏன் என்று இன்று தெரிந்துவிட்டது. எதிர்காலத்துத் தலைக்கவசம் வந்தது.

விண்வெளியில் மிதந்து சாகவேண்டும். உடுப்பு நான் தைத்தது, வெள்ளை ரெக்சினில். கவசம் வெளியே செய்தது. முழுக் கண்ணாடி உருண்டை, கழுத்துப் பட்டையில் உட்காரும், பின்னால் நாலு கொக்கி. உள்ளே தீப்பெட்டி அளவு மின்விசிறி, அதுதான் காற்றை இழுத்துத் தரும்.

"போட்டவங்க தானே கழட்ட முடியாதா?" என்று கொண்டுவந்தவரைக் கேட்டேன். "எதுக்கும்மா கழட்டணும்? சுத்தி அத்தனை பேர் இருப்பீங்களே" என்றார்.

அத்தனை பேர் இருப்போம். உண்மைதான். எருமைக்கு அடியில் கிடந்தபோதும் அத்தனை பேர் இருந்தோம்.

மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டு என் தலையில் மாட்டச் சொன்னேன். விசிறி ஓடியபோது ஒன்றுமில்லை. நிறுத்தச் சொன்னேன். முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. அப்புறம் கண்ணாடியில் ஆவி படிந்தது. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பது தெரிகிறது. இழுக்கிறேன், நிறையவே மாட்டேன் என்கிறது. காது அடைத்தது. போதும் போதும் என்று கத்தினேன். அக்கா வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் - அவளுக்குக் கேட்கவே இல்லை. நான் மேஜையைத் தட்டியதும்தான் கழற்றினாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

அவர் கம்பியில் தொங்கப்போகிறார். தட்டுவதற்கு மேஜை எங்கே இருக்கிறது?

மார்ச் 15

டைரக்டருக்குக் கண்ணாடியில் ஆவி படிய வேண்டுமாம். கடைசி மூச்சு கண்ணுக்குத் தெரியவேண்டுமாம். அதற்காக ஷாட்டின் பாதியில் விசிறியை நிறுத்தப் போகிறார்கள்.

வீட்டில் சண்டை. வேண்டாம் என்று சொல்லிடுங்க, ஆவியை வேற எப்படியாவது பண்ணிக்கட்டும் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பதினெட்டு வருஷம் முதுகைத்தாண்டி காட்டினேன். ஒரு தடவை முகம் தெரியட்டும். கெடுத்துடாதே" என்றார்.

நான் என்ன அவர் முகத்துக்கு விரோதியா? அந்த முகம் முழுசாக வீட்டுக்கு வரணும், அவ்வளவுதானே நான் கேட்கிறது.

மார்ச் 19

நான் கத்திவிட்டேன்.

கறுப்புத் துணிக்கு முன்னால் கம்பியில் மிதந்தார். விசிறியை நிறுத்தினார்கள். கண்ணாடி மங்கியது. கை விரிந்தது, மூடியது, விரிந்தது. கதைக்காக விரிக்கிறாரா, எனக்காக விரிக்கிறாரா? கால் உதறியது. அதுவும் கதையில் இருக்கு. எதைப் பார்த்து நான் தெரிஞ்சுக்கிறது? எதை?

"கட்" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. ஓடினேன். மாஸ்டர் பதறிக் கயிற்றை இறக்கினார், கொக்கியைக் கழற்றினேன். உள்ளே அவர் நன்றாக இருந்தார். வியர்வைதான். கண்ணில் கோபம். "நல்லாதானே இருந்தேன்" என்றார்.

டைரக்டர் திட்டவில்லை. "என் செட்ல எனக்குத் தெரியாம இன்னொரு டைரக்டரா?" என்று மட்டும் கேட்டார். சில பேர் சிரித்தார்கள். இனி வேறு யாராவது வாயைத் திறந்தால் வேலை கிடையாது என்று எல்லாருக்கும் உத்தரவு. என்னைத் தையல் அறையைவிட்டு வரக்கூடாது என்றார்கள்.

வரும் வழியெல்லாம் அவர் பத்தடி முன்னாலேயே நடந்தார். மானத்தை வாங்கிவிட்டேன் போல. தெரிந்துதான் கத்தினேனா, பயந்து கத்தினேனா? பயந்துதான்.

மார்ச் 20

இப்போது மறுபடி எடுக்கிறார்கள். கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறான். தைக்க ஓடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜன்னலுக்கு எதிரே, செட் வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறது. எரிந்தால் கேமரா ஓடுகிறது என்று அர்த்தம்.

இன்னும் எரியுது.

இவ்வளவு நேரமா? நேற்று இவ்வளவு நேரம் இல்லையே. யாராவது சொல்லுங்களேன். மாஸ்டர் நீங்களாவது - அவர் சொல்ல மாட்டார், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கு. கடவுளே, நேத்து நான் கத்தாம இருந்திருந்தா இன்னைக்கு யாராவது கத்தியிருப்பாங்களோ. எல்லார் வாயையும் நான்தானே அடைச்சேன்.

அணைந்துவிட்டது.

மார்ச் 21

நேற்று நடந்து வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வீட்டில் சுவர் ஓரமாக உட்கார்ந்தவர் விளக்கைப் போட விடவில்லை. இன்று காலையில்தான் பேசினார். அவர் சொன்னது அப்படியே:

"முதல்ல நடிப்புக்கு விரிச்சேன். அப்புறம் நிஜமாவே விரிச்சேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும். காலை உதறினேன். எல்லாரும் நின்னு பார்த்துட்டே இருக்காங்க. மாஸ்டர் எனக்கு நேரா நிக்கிறாரு, டைரக்டர் வாயைத்தான் பார்க்கிறாரு. சரி, இவ கத்துவான்னு காத்துட்டிருந்தேன். நீ வெளியே இருக்கிறதே மறந்துபோச்சு."

பிறகு எப்படிக் கட் வந்தது என்று கேட்டேன்.

"கண்ணாடி முழுக்க ஆவி ஆயிடுச்சு. 'முகம் தெரியல, கட்'னாரு."

அவருக்காக நிறுத்தவில்லை. ஷாட் கெட்டுப்போனதால் நிறுத்தினார்கள். கெடாமல் இருந்திருந்தால் - இதை எழுத வேண்டாம். எழுத மாட்டேன்.

நாளைக்கு இன்னொரு முறை எடுக்க வரச்சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 22

போகவில்லை. மாஸ்டர் வீடு தேடி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டீயைத் தொடாமல், "தப்புதாம்பா. நான் சொல்லியிருக்கணும்" என்றார். இவர் தலையாட்டினார். அப்புறம் மாஸ்டர் வந்த விஷயத்தைச் சொன்னார்: வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வார்களாம்.

"போடச் சொல்லுங்க. அஞ்சு காலத்துல என் மூஞ்சிதான் செத்திருக்கு. ஆறாவதுல வேற மூஞ்சி வந்தா ஜனங்க சிரிப்பாங்க" என்றார் இவர். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து இவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "வர்றேன். ஆனா இவ கேமரா பக்கத்துல நிக்கணும். கட் சொல்றது இவதான். இவ சொன்னா அடுத்த மூச்சுக்குள்ள கயிறு இறங்கணும். சம்மதம்னா சொல்லி அனுப்புங்க."

மாஸ்டர் போனபின், அவசரப்பட்டு முன்னாடியே கத்திட்டேன்னா என்று கேட்டேன்.

"கத்து" என்றார்.

மார்ச் 25

டைரக்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு முக்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். ஆபத்தென்றால் நிறுத்தச் சொல்வது அவர் வேலை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

விசிறி நின்றது. ஆவி ஓரத்தில் படிய ஆரம்பித்தது. அவர் கண் நன்றாகத் தெரிந்தது. அந்தக் கண் நடிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் இன்றுதான் அவர் பயந்து பார்க்கிறேன். கை பாதி விரிந்தது.

"கட்."

"இன்னும் சாகவே ஆரம்பிக்கலையேம்மா" என்றார் டைரக்டர். கயிறு அதற்குள் பாதி இறங்கிவிட்டது. இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேட்டார். கொக்கியைக் கழற்றிக்கொண்டே, வேண்டாம் என்றேன். அவரும் உள்ளிருந்து தலையை ஆட்டினார். கவசத்தைக் கழற்றியதும் இருமினார்.

எடுத்த வரைக்கும்தான் படம். அடுத்த படத்துக்கு எங்களைக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும்.

ஜூன் 8

கூப்பிடவில்லை. அவர் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தூங்குகிறார். போர்வை முகத்தில் பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நேற்று வேறொரு கம்பெனியிலிருந்து போன். எவ்வளவு உயரம், கீழே என்ன போடுவீங்க, யார் பார்ப்பாங்க என்று வரிசையாகக் கேட்டார். முன்பெல்லாம் எத்தனை மணிக்கு வரணும் என்பது மட்டும்தான் கேள்வி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டின புருஷன் பயப்படுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பாவி நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 6

படம் வந்துவிட்டது. டிக்கெட் எடுத்து, நடு வரிசையில், எல்லாரையும்போல் உட்கார்ந்து பார்த்தோம்.

கற்காலத்தில் எருமைக்கு அடியில் அந்தக் கை வந்ததும் அவர் என் முழங்கையைப் பிடித்தார். நிஜம் எது என்று தியேட்டரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஈட்டி, தண்ணீர், மண், லாரி. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாராவது உச்சுக்கொட்டினார்கள். முகம் பெரிதாக, நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் விண்வெளி. மிதக்கிறார். கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் ஆவி. கண்ணில் அந்தப் பயம். கை பாதி விரிகிறது - அவ்வளவுதான், வெட்டிவிட்டார்கள். அடுத்து நட்சத்திரங்கள், பாட்டு.

எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பெரியவர் தன் மனைவியிடம் சொன்னார்: "பார்த்தியா, இந்தத் தடவை அவன் சாகலை. பொழச்சுட்டான்."

"நிச்சயமாவா?" என்று அந்த அம்மா கேட்டார்.

இவர் திரும்பி, "ஆமாங்க, பொழச்சுட்டான்" என்றார். இருட்டில் அவர்களுக்கு ஆள் தெரியவில்லை. "நான் சொன்னேன்ல" என்றார் பெரியவர், மனைவியிடம்.