நாதாங்கி இல்லாத கதவு

தேனி
14-4-1944

அன்பு மகன் பொன்னுராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறேன் என்று எழுதியதை நான் நம்பவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். இதைத் தபாலில் போடவில்லை. உன் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற சின்னக்கருப்பு லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். உன் போன கடிதம் யுத்த சென்சார்காரர்கள் கத்தரி போட்டு வந்தது. கப்பல் என்று நீ எழுதிய இடமெல்லாம் வெட்டியிருப்பார்கள் போலிருக்கிறது, நாலு ஓட்டை. தட்டுகிற சத்தம் கேட்கிறதம்மா என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு ஓட்டை, அதற்கும் கீழே வெண்டைக்காய் இங்கே கிடைக்கிறது என்று ஒரு வரி. அப்பா அதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே காய்கறி கிடைக்கிறதாமே என்றார். நான் சின்னக்கருப்பைப் பிடித்து உலுக்கினேன். முதலில் மழுப்பினான், பிறகு சொல்லிவிட்டான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து எல்லாச் சுத்தியலும் நின்ற பிறகும் உனக்கு ஒரு சுத்தியல் மட்டும் நிற்பதில்லையாம், ஆட்கள் ஏறிப்போய்க் காலியாகக் கிடக்கிற கப்பல் தொட்டிப் பக்கம் பார்த்தபடி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயாம்.

வீட்டுச் சேதி முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை ராஜமணிக்கு இது ஏழாம் மாதம், வைகாசியில் போடியிலிருந்து கூட்டிவர வேண்டும். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாள் வைக்க வேண்டும், இரும்பு இருந்தால் பேய் பிசாசு அண்டாது என்று அவள் பக்கத்து வீட்டுக்காரி இப்போதே ஆரம்பித்துவிட்டாளாம். நாம் வேதப்புத்தகம் வைப்போம், அரிவாளும் ஒரு ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம். நம் இரும்புக் கடையில்தான் ஒரு அரிவாளும் இல்லை. பர்மிட் இல்லாமல் ஒரு ஆணி வாங்க முடியவில்லை, ஏர்க் கொழுவுக்கு வருகிறவர்களைக் கையை விரித்து அனுப்புகிறோம். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று சர்க்கார் நம் ஊர்த் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது, உன் அப்பா இன்னும் காலை ரயில் வருகிற நேரத்துக்குக் கணக்காக எழுந்து கடை வாசலில் போய் நிற்கிறார். எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறார். வெறும் மண்மேட்டைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறார்.

அந்தத் தண்டவாளத்தைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்த ரயில்வே கேங் ஆட்களில் நம் கர்ணனும் ஒருவன். பாதை போனதும் அவன் வேலையும் போயிற்று. பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றவனிடம், பர்மாக் காட்டில் போய்ச் சாகாதே, கப்பலில் சேர், சுற்றிலும் இரும்பு, குண்டு வந்தாலும் இரும்பில்தான் படும் என்று சொன்னவள் நான். இரும்புக் கடைக்காரிக்கு வேறு என்ன புத்தி இருக்கும். ஆள் எடுக்கிற ஆபீசுக்கு இங்கிலீஷில் சிபாரிசுக் கடிதமும் நானே எழுதிக் கொடுத்தேன். நான் புடுங்குன தண்டவாளம் எங்கிட்டோ கப்பலா ஆயிருக்கும்மா, நான் அதுலயே ஏறிப் போறேன் என்று சிரித்தான். மார்க்கையன்கோட்டையில் அவன் அம்மா மொக்கம்மாள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை, அவளுக்கு அவன் ஒரே பிள்ளை.

கிறிஸ்மஸுக்கு நீயும் அவனும் ஒன்றாக வந்தீர்களே. அடிபட்ட அவன் கப்பல் உன் தொட்டியில்தான் ஏறியிருக்கிறது, அதனால்தான் அவனுக்கு லீவு என்று இரண்டு பேரும் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடை வாசலில் நின்று அவன் உன்னிடம் கேட்டான். தம்பி, கப்பல் நல்லா ஆயிருச்சாப்பா என்று. நீ அவன் முகத்தைப் பார்க்காமல், நல்லா ஆயிருச்சுண்ணே என்றாய். அவன் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே போனான். அன்று சாயங்காலம் நீ என்னிடம் சொன்னது ஒரு வார்த்தையும் மறக்கவில்லை. ஒன்பது கப்பல் முறைக்காகக் கடலில் காத்து நிற்கிறது, தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலின் அடிவயிற்றைப் பார்க்கிற பெரிய தொட்டி உங்களிடம் ஒன்றே ஒன்று. புதுசு கட்டி மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். ஒரு கப்பல் கட்ட இரண்டு வருஷம் ஆகும், சீமையிலும் கட்டுகிற இடமெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது, மூழ்குகிற வேகத்துக்கு யாராலும் கட்ட முடியாது, அதனால் அடிபட்டதையே ஒட்டுப் போட்டு அனுப்புகிறோம் என்றாய். அவன் கப்பலுக்கு இரண்டு மாதம் வேண்டும், கிடைத்தது பன்னிரண்டு நாள். தகடு அடிக்க வேண்டிய இடத்தில் மரத்தை முட்டுக் கொடுத்துச் சிமெண்டைக் கொட்டி அடைத்திருக்கிறோம் என்றாய். நம் ஊர்த் தண்டவாளம் முழுக்க எடுத்துப் போயும் ஒரு தகட்டுக்கு இரும்பு இல்லையா என்று நான் கத்தினேன். இரும்பு கரையில் குவிந்து துருப்பிடித்துக் கிடக்கிறதம்மா, இடமும் ஆளும் நாளும்தான் இல்லை என்றாய். கர்ணன் ஊரில் இன்னும் மூன்று நாள் இருந்தான். நீயும் போய்ச் சொல்லவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை.

மாசியில் தந்தி வந்தது. மொக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாதே, முந்தானையில் முடிந்து என்னிடம்தான் கொண்டுவந்தாள். கப்பல் மூழ்கியது, ஆளைக் காணவில்லை, இறந்ததாக நம்பப்படுகிறது என்று நான்தான் படித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. காணலைன்னுதான போட்டிருக்காக என்று மட்டும் கேட்டாள்.

பங்குனியில் ஒரு நாள் கரிப் புகை விட்டுக்கொண்டு ஓடுகிற அந்த பஸ்ஸில் மறுபடியும் வந்தாள், கிளீனர் ஒரு சாக்கை இறக்கி வைத்தான். உள்ளே அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, நிலைக்கதவில் அடித்திருந்த லாடம், தோசைக்கல், கடைசியாகக் கதவு நாதாங்கி, பிடுங்கின மரச்சிம்பு அதில் ஒட்டியிருந்தது. வீட்டை விற்றுவிட்டாயா என்று கேட்டேன். இல்ல ஆத்தா, பொணங் கெடைக்கல, அப்ப எம்மகன் வீட்டுக்குத்தான வரணும், வாசல்ல இரும்பு கெடந்தா எப்படி உள்ள வருவான், அதான் ஒண்ணு விடாமப் பேத்துக் கொண்டாந்துட்டேன் என்றாள். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாளாம், அதையும் பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து விடுகிறாளாம். எல்லோரும் பேய்க்குப் பயந்து இரும்பைத் தேடி வருகிற கடைக்கு அவள் இரும்பைக் கொண்டுவந்து போட்டாள். காசு எடுத்தேன், கையைத் தள்ளிவிட்டாள். விக்க வரல ஆத்தா, ஒங்க மகன்கிட்ட அங்கன அனுப்பிவிடுங்க, இரும்பு பத்தாமத்தான தண்டவாளத்தக் கூடப் புடுங்குனாக, அடுத்த கப்பலையாச்சும் நல்லா அடைக்கச் சொல்லுங்க என்றாள். அடுத்த கப்பலையாச்சும் என்று அவள் ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்து சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா. அவளிடம், இரும்புக்குப் பஞ்சமில்லை மொக்கம்மா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சாக்கு கடை மூலையில்தான் இருக்கிறது. ஒருவர் மண்வெட்டியைப் பார்த்துவிட்டுக் கெஞ்சினார், கொடுக்கவில்லை. ரயில் ஓடின காலத்தில் அது கடந்து போகையில் கடைச் சாமானெல்லாம் அதிரும், உனக்கு ஞாபகம் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை அதே நேரத்தில், அப்பா வாசலுக்குப் போய் நின்றாரே அப்போது, அந்தச் சாக்கு கிணுங்கென்றது. எலியாக இருக்கும் என்றார். பொறி வைத்தேன், இன்றுவரை எலி விழவில்லை. ஈஸ்டர் ஆராதனையில் பாதிரி ஐயர் இயேசுவின் கல்லறைக் கல் புரண்டு கிடந்ததைப் பிரசங்கித்தார், எனக்கு மொக்கம்மாள் கயிறு அவிழ்த்து விடுகிற அந்தக் கதவுதான் கண்ணில் நின்றது. நமக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவள் நான். பயமாக இருக்கிறது ராஜா.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மார்க்கையன்கோட்டைக்குப் போய் மொக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், பன்னிரண்டு நாளையும், நீ வாசலில் சொன்னதையும், நான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும். என்னை மன்னிப்பாள் என்று போகவில்லை. மண்ணை வாரித் தூற்றினால் நின்று வாங்கிக்கொள்வேன். சொல்லியிருந்தாலும் அவன் கப்பலேறித்தான் இருப்பான், ஏறாமல் ஓடியிருந்தால் ஜெயிலில் போட்டிருப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்து போயிருப்பான், தன் அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லிவிட்டுப் போயிருப்பான். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய், இருக்கிறது, அதைவிட என் மேல் இருக்கிறது. நீ வேலையை விட்டு ஓடி வராதே, நீ வந்துவிட்டால் அந்த ஒன்பது கப்பலுக்கு ஒரு ஆள் இன்னும் குறையும். ஆனால் இனிமேல் கப்பலில் போகிறவன் எவனாவது உன்னிடம் நல்லா ஆயிருச்சா என்று கேட்டால், அவன் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடு. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டிராமல் சாப்பிடு. சின்னக்கருப்பிடம் நாலு சீப்புக் காயில் போட்ட வாழைக்காய் வறுவலும் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், வழியிலேயே அவன் தின்றுவிடாமல் இருந்தால் உன் அதிர்ஷ்டம்.

தண்ணீரின் மேலும் தண்ணீரின் கீழும் இருக்கிற பிள்ளைகளையெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும், உன்னையும் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் கண்டதும் ஒரு கார்டு போடு, கத்தரிக்கு வேலை வைக்காமல் எழுது. திங்கட்கிழமை கிளம்பும்போது என் இடுப்பிலிருக்கிற கடைச் சாவிக்கொத்தை அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன், சேலையில் குத்துகிற ஊக்கைக்கூட எடுத்துவிடுவேன். அந்த வீட்டு வாசலுக்கு நான் இரும்போடு போக மாட்டேன்.

இப்படிக்கு உன் அம்மா,
ஜெபமணி