எனக்குப் பின்னால் இறங்கியவனுக்கு

மக்கா,

இன்று காலை தக்கலையில் பேருந்துக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற லாரியிலிருந்து பிரேக் கருகிய வாசனை எழுந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ போய் மூன்று வருடமாகிறது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நீ துபாய் வேலையை விட்டு வந்து மீன் வியாபாரம் தொடங்கியிருந்தாய். நான் தாலுகா ஆபீசில் கோப்பு தள்ளிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதில் நமக்கு ஓர் ஆசை வந்தது: இமயமலைக் கணவாய் ஒன்றிலிருந்து சைக்கிளில் இறங்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர், ஒரே இறக்கம்.

ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கினோம். சண்டை வந்தது, சக்கரத்து டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடில்தான். எனக்குப் பிசினில் செய்த ரெசின் பேடு பிடித்திருந்தது. சத்தமில்லாமல் மெதுவாகப் பிடிக்கும். நீ மெட்டல் பேடுதான் வேண்டும் என்றாய்.

"நீள எறக்கத்துல ரெசின் சூடேறினா நம்மள கைவிட்டுரும், கேட்டியா."

"உனக்க மெட்டல் கூவுற கூவலுக்கு களியக்காவிளைல உள்ளவனும் ஒதுங்குவான்" என்றேன்.

ஒத்திகைக்காகப் பேச்சிப்பாறைக்கு மேலே ஏறினோம். இறங்கும்போது பயத்தில் நான் பிரேக்கை விடவே இல்லை. பாதி வழியில் கருகல் நாற்றம். அடுத்த வளைவில் லிவரை முழுக்க அழுத்தியும் சைக்கிள் ஓடிக்கொண்டே இருந்தது.

"பிடிக்கல்ல மக்கா, பிடிக்கல்ல."

பின்னால் வந்த நீ என் பக்கத்தில் வந்து, என் முதுகுப்பையின் வாரைப் பற்றிக்கொண்டு உன் பிரேக்கை அழுத்தினாய். அது காடு அதிரக் கூவியது. இருவரும் ரப்பர் தோட்டத்து மண்மேட்டில் போய்ச் சாய்ந்தோம். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நீ மூச்சு வாங்கியபடி, "இப்பம் சத்தம் பிடிச்சுதா?" என்று கேட்டாய். சிரித்து முடிக்கவே வெகுநேரமானது.

சக்கரத்து டிஸ்கில் தண்ணீர் ஊற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டாய். "சூட்டுல ஊத்தினா வளைஞ்சு போவும். ஆறட்டு." ஆறியதும், உனக்கென்று உபரியாக வைத்திருந்த மெட்டல் பேடுகளை எடுத்து எனக்கு மாட்டினாய். "இனி விட்டு விட்டுப் பிடி. நடுவுல அதுவும் மூச்சு விடணும்லா."

இமயமலையிலும் நான் முன்னே, நீ பின்னே. கீழே வந்து பார்த்தபோது என் பேடு பாதிகூடத் தேயவில்லை. உன்னுடையது முழுக்கத் தேய்ந்து அடித்தகடு தெரிந்தது. "நூறு கிலோ மூட்டையச் சொமக்குல்லா" என்று கேலி செய்தேன். நீயும் தொப்பையைத் தடவிச் சிரித்தாய்.

உன் இதயம் நின்றுபோய் ஒரு வருடம் கழித்து, இந்தக் கதையை உன் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கனமுள்ள வண்டி தன்னால முந்தி ஓடும் அண்ணே. அவரு உங்களுக்காவப் பிடிச்சுப் பிடிச்சு வந்தாரு. முன்னால போனா நீங்க விழுந்தது தெரியாதுல்லான்னு எங்கிட்ட சொன்னாரு."

அந்த இறக்கம் முழுக்க நீ பறந்திருக்கலாம். என் வேகத்துக்கு உன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

இப்போது என் மனைவியும் சைக்கிள் ஓட்டுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை இறக்கத்தில் முன்னால் போனவள் திரும்பிப் பார்த்து, "ஏன் இவ்வளவு பைய வாறிய?" என்று கேட்டாள்.

"நீ போ, நான் வாறேன்" என்றேன். பிரேக்கைப் பிடித்தேன், விட்டேன், மறுபடியும் பிடித்தேன்.