வில் மட்டும் கிடைக்கவில்லை

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது.

முதலில் பிள்ளைகள் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் வீட்டு மூத்தவன் என்ஜினீயர் படிப்பை முடித்துவிட்டான். காலேஜில் மூன்றாவது. இரண்டாவதாக வந்தவனுக்கும் இவனுக்கும் ஒரே ஒரு மார்க்குதான் வித்தியாசம், அதனால் நான் எல்லோரிடமும் இரண்டாவது என்றே சொல்கிறேன். அவன் தங்கை நானூறு மீட்டர் ஓட்டத்தில் கோப்பை வாங்கினாள். அது என் அலமாரியில்தான் இருக்கிறது, வருகிறவர் கண்ணில் படும்படி. கடைசி மகள் வீட்டு இரட்டையரில் ஒருத்திக்குக் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. அது என் வழி. இன்னொருத்தி விரல் சூப்புவதை விட்டுவிட்டாள். ஆறு வயதில் இது என்ன பெருமை என்று நினைக்காதீர்கள். அவள் சூப்பின சூப்புக்கு இதுவே பெரிசு.

பக்கத்து வீட்டம்மா கேட்டாள், "நடு மகளோட பொண்ணு என்ன பண்றா?" நல்லா இருக்கா என்றேன். "நல்லா இருக்கறத யாரு கேட்டா, என்ன பண்றான்னு கேட்டேன்" என்றாள். உள்ளே வந்து படுத்துவிட்டேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன், தட்டாதீர்கள். கீச்சுவுக்கு ஒரு வயலின் டீச்சர் பாருங்கள். அவள் அம்மா ஆறு வருஷம் கற்றவள். அந்தக் கை இந்தக் குழந்தைக்கும் இருக்கும். பிறந்த அன்றைக்கே அவள் கீச்சுக் கீச்சு என்று கத்தினது சுருதியோடுதான் இருந்தது, பேர் வைத்ததே நான்தானே.

போனில் எனக்குக் காது ஒழுங்காகக் கேட்பதில்லை. கடிதமாகவே எழுதுங்கள். படம் ஒன்று அனுப்பவும். என்னிடம் இருப்பதில் அவளுக்கு முன்பல் இல்லை.

இப்படிக்கு,
கீச்சுவின் பாட்டி

*

ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. கீச்சுவுக்கு வாசித்துக் காட்டினேன். விரல் சூப்பும் கதைக்கு மட்டும் சிரித்தாள்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அவள் பேசுவது குறைந்துவிட்டது. பள்ளியில் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாளாம். சாயங்காலம் எதிர் வீட்டில் இருக்கிறாள். அங்கேயும் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். நான் வேலை முடிந்து வரும்போது கையெல்லாம் கிரீஸ். கழுவிவிட்டுச் சமைத்து முடிப்பதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள்.

டீச்சர் தேடச் சொன்னீர்கள். லிஃப்ட் மெக்கானிக்கான எனக்குக் கட்டடங்கள் தெரியும், அதற்குள் இருக்கிற மனிதர்களைத் தெரியாது. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

தங்கள் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 15

மாப்பிள்ளைக்கு,

குழந்தை பேசவில்லை என்று எழுதினீர்கள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் மகளின் வயலினைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். கடைசி மூன்று மாதம் வைத்தியத்துக்கு இங்கே வந்தபோது கையோடு கொண்டுவந்தாளே, அதுதான். இரண்டு போர்வை சுற்றி, பெட்டியில் வைத்து, பெரியவனைக் கொண்டு நான்கு பக்கமும் "உடையும்" என்று எழுதச் சொன்னேன். அவன் எழுத்து சரியில்லை என்று மேலே நானும் ஒருமுறை எழுதினேன்.

வில் மட்டும் கிடைக்கவில்லை. பரணில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பெண்ணாக இருக்கட்டும். கோபக்காரியாக இருக்கக் கூடாது. முப்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சொல்லித்தருகிற இடம் வேண்டாம், வீட்டுக்கே வந்து சொல்லித்தரட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த வீட்டில் ஒரு பெண்ணின் குரல் கேட்கட்டும். நீங்கள் ஸ்குரூ டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தால் குழந்தை யாரோடு பேசும்?

படம் கேட்டிருந்தேன்.

இப்படிக்கு,
கீச்சுவின் பாட்டி

*

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

வயலின் பத்திரமாக வந்து சேர்ந்தது. டீச்சரும் கிடைத்துவிட்டார். தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன்.

முதலில் போன இடத்தில் நாற்பது பிள்ளைகள். கீச்சு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது ஒரு பெரியவர். "பொண்ணு பாடிக் காட்டட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். பேசாத குழந்தை எங்கே பாடும்? எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு ஒருநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. சரிசெய்ய லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கினேன். அங்கே நின்றால் எல்லா மாடியின் சத்தமும் மேலிருந்து இறங்கி வரும், குக்கர், டிவி, சண்டை எல்லாம். அன்றைக்கு வயலின் கேட்டது. யாரோ பிள்ளை ஒரே வரியைத் தப்பாக வாசிக்கிறது. ஒரு பெண் குரல் ஒவ்வொரு தடவையும் "பரவால்ல, இன்னொரு தரம்" என்கிறது. பதினேழு தடவை எண்ணினேன் அத்தை. குரல் மாறவே இல்லை. லிஃப்டைச் சரிசெய்து அதிலேயே சத்தம் வந்த நான்காம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

டீச்சர் காலையில் காதுக் கருவி விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வயலின். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அவரும் போன வருஷம் தவறிவிட்டார். செவ்வாய், சனி வீட்டுக்கு வருகிறார்.

நீங்களும் நானும் ஒரு தப்புச் செய்துவிட்டோம். வயலினில் அளவு உண்டாம். "பெரியவங்க வயலினைக் குழந்தைகிட்ட குடுத்தா கழுத்து சுளுக்கிக்கும் சார். நீங்க அப்பா சட்டைய மாட்டி ஸ்கூலுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார். கீச்சுவுக்கு அவரே சின்ன வயலின் ஒன்று கொடுத்திருக்கிறார். அவள் அம்மாவுடையது சுவரில் தொங்குகிறது. அதற்கு வேறு வில் வாங்கலாம் என்றேன். கீச்சு உடனே, "வேணாம். பாட்டி தேடறாங்க" என்றாள். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல். நான் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

படம் வைத்திருக்கிறேன்.

தங்கள் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

படம் கிடைத்தது. முன்பல் இரண்டும் முளைத்துவிட்டது. சிரிக்கிறாள். என் மகளின் சிரிப்பு. பக்கத்து வீட்டம்மாவிடம் காட்டினேன். கடைசி மகளிடம் காட்டினேன். பால்காரரிடமும் காட்டினேன்.

பிறகு தனியாக உட்கார்ந்து கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

படத்தின் வலது ஓரம் நேராக இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறது. எத்தனையோ மாடி லிஃப்டை ஓட வைக்கிற கை, ஒரு காகிதத்தை நேராக வெட்டத் தெரியவில்லை. குழந்தையின் தோளில் நான்கு விரல் மிச்சம் இருக்கிறது. பெண்ணின் விரல். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறது. என் மகளும் இடது கை நகத்தை மட்டும் அப்படித்தான் ஒட்ட வெட்டுவாள், கம்பியில் படக்கூடாது என்று.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் படம் பார்க்கத் தெரியும்.

யார் என்று கேட்கவில்லை. ஏன் வெட்டினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கீச்சுவின் பாட்டி

*

மே 4

அன்புள்ள அத்தைக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வெட்டியது தப்பு. நீங்கள் பார்த்தால் வருத்தப்படுவீர்கள் என்று வெட்டினேன். வெட்டியதைப் பார்த்து அதைவிட அதிகமாக வருத்தப்பட்டிருப்பீர்கள். விரல் மிச்சம் இருந்ததைக் கவனிக்கவில்லை.

அது டீச்சர்தான். பாடம் ஒரு மணி நேரம். முடிந்ததும் கீச்சு அவரைப் போகவிடுவதில்லை. செருப்பை ஒளித்து வைக்கிறாள். டீச்சர் தேடுவது போல நடிப்பார். பிறகு மூவரும் சாப்பிடுவோம். நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு டீச்சர், "உப்பு எந்த மாடியில நின்னுபோச்சு சார்?" என்று கேட்பார். கீச்சு வாய்விட்டுச் சிரிப்பாள். இரண்டு வருஷத்தில் அந்தச் சாப்பாட்டு மேஜையில் சிரிப்புக் கேட்டது அப்போதுதான்.

கல்யாணத்தைப் பற்றி நான் டீச்சரிடம் கேட்டேன். "உங்க அத்தைகிட்ட கேளுங்க. அவங்க சம்மதிச்சா பேசலாம், இல்லன்னா நான் டீச்சராவே இருந்துக்கறேன்" என்றார்.

அதனால் கேட்கிறேன். எனக்கு அம்மா இல்லை, உங்களிடம்தான் கேட்க முடியும். உங்கள் மகளின் இடத்தில் யாரையும் வைக்கவில்லை. அந்த இடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

தங்கள் மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. பெரிய மச்சானிடம் போனில் கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கடிதத்தை அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள் என்றார். பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். செவ்வாய், சனி வருகிறார், ஒரு மணி நேரம் சொல்லித்தருகிறார், போய்விடுகிறார். கீச்சு இப்போது செருப்பை ஒளிப்பதில்லை.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பள்ளி விடுமுறையில் அவளை அழைத்துவந்து காட்டட்டுமா என்று கேட்கவே எழுதுகிறேன். கீழே அவளே எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
கீச்சுவின் அப்பா

*பாட்டி, நான் நாலு கம்பியிலும் வாசிப்பேன். அம்மாவோட வில்லு பரண்ல கிடைச்சுதா? கிடைச்சா உடனே அடியில இருக்கற திருகைத் தளர்த்தி வைங்க. வாசிக்காதப்ப வில்ல இறுக்கி வைக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. இறுக்கியே வச்சா வளைஞ்சு போயிடுமாம். மறக்காதீங்க. கீச்சு.*

*

செப்டம்பர் 3

மாப்பிள்ளைக்கு,

போன கடிதத்தில் "கீச்சுவின் அப்பா" என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். நான் மாப்பிள்ளை என்றுதான் எழுதுவேன். எனக்குக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

ஒரு பொய்யைச் சொல்லிவிட வேண்டும். வில் பரணில் இல்லை. ஒருநாளும் பரணில் இருந்ததில்லை. என் துணி அலமாரியில், ஓட்டக் கோப்பைக்குப் பின்னால் இருக்கிறது.

என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா, அந்த வில்ல எடு" என்றாள். கொடுத்தேன். திருகை இறுக்கினாள். கையில் தெம்பு இல்லை, நின்று நின்றுதான் இறுக்கினாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது. "வந்து வாசிக்கறேன், அப்படியே வை" என்றாள்.

அப்படியே வைத்தேன். யாரையும் தொடவிடவில்லை. கட்டைவிரல் பிடிக்கிற இடத்தில் சுற்றின தோல் தேய்ந்து குழிந்திருக்கும், அதில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். வயலினை அனுப்பும்போது வில்லையும் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மூடினேன். பிறகு பெரியவனைத் திறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டேன். அவள் கடைசியாகத் திருகின திருகு அது. அனுப்பினால் அதை வேறு யாரோ திருகிவிடுவார்கள் என்று பயந்தேன்.

குழந்தையின் கடிதத்தைப் படித்ததும் வில்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளைந்துதான் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன் மாப்பிள்ளை. இரண்டரை வருஷமாக நானே அதைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானே தளர்த்தினேன். ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் திருகினேன்.

இத்துடன் வில் வருகிறது. பார்சலில் உங்கள் பேர் இல்லை, டீச்சர் என்று எழுதியிருக்கிறேன். வளைவு நிமிருமா என்று அவர்தான் பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் சுவரில் தொங்குவதை இறக்கி அவரே வாசிக்கட்டும். கீச்சு அந்த அளவுக்கு வளர இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை கம்பி துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் அல்லவா?

வீட்டில் ஒரு பெண்ணின் குரல் கேட்கட்டும் என்று எழுதினவள் நான்தான். அந்தக் கடிதத்தை நீங்கள் எனக்குத் திருப்பிக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம். காட்டாததை இந்த நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். கோபம் இல்லை. வந்தால் அழுதுவிடுவேன். அந்தப் பெண் தனியாக நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டவள், அவளுடைய நல்ல நாளில் எதிரே ஒரு கிழவி உட்கார்ந்து அழக்கூடாது. விடுமுறைக்கு வாருங்கள். செருப்பை ஒளித்து வைக்க இங்கே நிறைய இடம் இருக்கிறது என்று கீச்சுவிடம் சொல்லவும். டீச்சருக்குச் சிரமம் இல்லையென்றால் காதுக் கருவி ஒன்று கொண்டுவரட்டும். அவர் குரலையும் கேட்க வேண்டும், குழந்தை வாசிப்பதையும் கேட்க வேண்டும்.

நேற்று பக்கத்து வீட்டம்மா திரும்பவும் கேட்டாள். "நடு மகளோட பொண்ணு வயலின் வாசிக்கிறா, நாலு கம்பியிலயும்" என்றேன். "யாரு சொல்லித்தர்றா?" என்றாள். அவ அம்மா என்று வாய்வரை வந்தது. யாரை நினைத்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "வீட்டுலயே ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். மூன்று பேரும் நிற்க வேண்டும். பின்னால் சுவரில் என் மகளின் வயலின் தெரிய வேண்டும். கத்தரிக்கோல் பக்கம் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை