அண்ணையின் அறை விளக்கு

அன்பின் அண்ணை,

நீங்கள் படியில் விழுந்து எங்களை விட்டுப் போய் ஒரு மாதமாகப் போகிறது. லண்டனில், இந்த வால்தம்ஸ்டோவில் இப்போது நாலு மணிக்கே இருட்டி விடுகிறது. உங்கள் அறையில்தான் வெளிச்சம் நிற்பதில்லை. புது பல்பு போட்டாலும் மறுநாள் அணைந்து போகிறது. எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு ஒரு பிழையும் இல்லை என்கிறார். பிறகு ஏன் அண்ணை?

சர்ச்சில் உங்கள் வேதாகம வகுப்புக்கு வருகிற முன்வீட்டு பிலோமினா அக்கா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, முதல் கிழமை முழுக்கப் பேசாமல் என்னோடு இருந்தார். எவ்வளவு ஆறுதல்! வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் இருந்த மனிதனைப் பார்க்க வந்த சிநேகிதர்களைப் பற்றி வகுப்பில் சிரித்துக்கொண்டு சொல்வீர்களே: “வாயைத் திறக்காத மட்டும் அவையள் நல்ல ஆக்கள்தான்.”

இவர்களும் வாயைத் திறந்தார்கள். முதலில் அக்காதான்.

“கெட்டவன்ர விளக்குத்தான் அணையும் எண்டு அந்தக் காலத்து எபிரேய ஞானியளே சொல்லியிருக்கினம், பிள்ளை. உன்ர அண்ணர் என்னத்தையோ ஒளிச்சுப்போட்டார். முப்பத்தோராம் நாள் செபத்தில அதைச் சொல்லி மன்னிப்புக் கேள். இல்லாட்டி உன்ர மகளின்ர தலையிலதான் விடியும்.”

நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே முடிவுதானே என்று அதே ஞானிகளில் இன்னொருவர் அலுத்துக்கொண்டதையும் நீங்கள்தான் படிப்பித்தீர்கள். அக்கா அன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை போலும். ஆனால் மகள் என்றதும் நான் பயந்துபோனேன்.

நேற்றுப் பின்னேரம் உங்கள் இருட்டறையில் இருந்துகொண்டு உங்கள் பாவத்தைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றைக் கட்டிச் சொன்னால்தான் என்ன? “என்ர அண்ணை ஒருக்கா…” என்று சொல்லிப் பார்க்க வாயெடுத்தேன்.

தெரு முழுக்கக் கரண்ட் போனது. பிலோமினா அக்காவின் சமையலறையும் இருண்டது. யாராவது பிழையான பதில் சொன்னால் வகுப்பில் செருமுவீர்களே, அந்தச் செருமல் எனக்குப் பின்னால் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. நீங்கள்தானா அண்ணை?

கொஞ்ச நேரத்தில் எல்லா வீட்டிலும் வெளிச்சம் வந்தது. உங்கள் அறை மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் செபத்தில் எழும்பி நின்று, “என்ர அண்ணை நல்லவர். ஏன் செத்தவர் எண்டு எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்வேன். பல்பை இனி மாற்றமாட்டேன். பின்னேரங்களில் வந்து உங்களோடு இருட்டில் இருப்பேன், வாயைத் திறக்காமல்.

இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கும்
உங்கள் தங்கச்சி,
ரஞ்சி