உப்புக்கோட்டையில் நீ சொல்லாமல் விட்டது

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
28-11-1982

அன்புள்ள மகன் பிலோமின்ராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், பம்பாயில் நீயும் சுகமாக இருப்பாய். உன் அக்கா லூர்துராணியை இந்த வரியில் சேர்க்கவில்லை. அவள் சேதி கீழே வருகிறது, பொறுமையாகப் படி. உன் கதையில் இளவரசன் ஒன்பது வாரம் படகிலிருந்து இறங்காததை நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா.

உன் தொடர்கதை 'உப்புக்கோட்டை' வாராவாரம் தவறாமல் வருகிறது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் உன் அப்பாவோடு வேலை பார்த்தவர்களெல்லாம் உன் மகன் எழுதுகிறானாமே என்று கேட்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை, காபி குடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிப்பார். நான் முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரை திருத்தியவள், எனக்குப் பெருமை வரவில்லை. நதி ஏன் மேல்நோக்கி ஓடுகிறது, காவலர்களுக்கு ஏன் நிழல் இல்லை, ஏழாவது நிலவை யார் கட்டிப்போட்டார்கள், ஒன்றையாவது சொன்னாயா? பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி என்னிடம் வந்து, "டீச்சர், அந்த உப்பை ஏன் யாரும் தொடக்கூடாதுங்க, எனக்கு மட்டும்தான் புரியலையா?" என்று கேட்டாள். எழுதியவனுக்கே புரிந்திருக்காது, நீ கவலைப்படாதே என்று அனுப்பிவைத்தேன். படகிலேயே ஒன்பது வாரம், அதற்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டு யுத்தம், ஒரு பட்டாபிஷேகம். அடுப்பை அணைத்துவிட்டு அரிசி வேகவில்லை என்று பார்த்திருந்தவள், திடீரென்று ஞாபகம் வந்து ஒரு கட்டு விறகையும் சேர்த்து வைத்த மாதிரி.

பதினோராவது வாரம்தான் தெருவுக்கே புரிந்த வாரம். இளவரசனின் அக்கா மேகவாசலில் ஒரு டிபன் கேரியரோடு உட்கார்ந்து வேறு குலத்துப் பழ வியாபாரிக்காகக் காத்திருக்கிறாள், அவன் வரவில்லை, தம்பி ஓடிவந்து யாருக்கும் தெரியாமல் அவளை மீட்டுக் கொண்டுபோகிறான். ராஜகுமாரிக்கு ஏதடா டிபன் கேரியர்? இடது புருவத்தில் தழும்பு, கொண்டையில் சுண்ணாம்புத் துண்டு செருகும் பழக்கம். அப்பா அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ராணி அப்போது பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், கொண்டையில் சாக்பீஸ் இருந்தது. நான் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ஆமாம்மா, ஏழு வருஷமாச்சு. ஜங்ஷன்ல சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். தம்பிதான் வந்து கூட்டிட்டு வந்தான். அவனுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள். அந்தச் சாயங்காலம் எனக்கும் ஞாபகம் வந்தது. எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்று திட்டி, அழுத முகத்தோடு வந்தவளை மாவாட்ட உட்கார வைத்தேன். என் வீட்டில் நடந்ததை நான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கோயிலில் அவளுக்கும் அமிர்தராஜுக்கும் இரண்டாவது கல்யாண ஓலை வாசித்து முடிந்திருந்த வாரம் அது. நல்ல மனிதர், மணப்பாறைப் பள்ளிக்கூடத்து வாத்தியார், மனைவியை இழந்தவர். முப்பத்தொரு வயதுக்காரிக்கு இதற்குமேல் என்ன வரும் என்று நான்தான் பேசி முடித்தேன். அவர் காதுக்கு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நேரில் வந்தார். கோபப்படவில்லை. "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா உங்க தம்பிகிட்ட சொல்லி, அந்தப் பொண்ணு தப்பை உணர்ந்து திருந்திட்டதா ஒரு வாரம் எழுதச் சொல்லுங்க, ஊர்வாய் அடங்கிடும்" என்று ராணியிடமே சொன்னார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நான்கு நாள் கழித்து உன் அடுத்த வாரம் வந்தது. ராஜகுமாரி உப்பு ஏரியில் விழுந்து செத்துப்போனாள். இளவரசன் வாளுக்கு உறை தைக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டவன், அவளை அரைப் பத்தியில் முடித்துவிட்டாய். ராணி அதைப் படித்துவிட்டு, "ஏம்மா, எனக்கு அரைப் பத்திதானா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மறுநாள் அமிர்தராஜுக்கு வேண்டாம் என்று அவளே எழுதிப் போட்டுவிட்டாள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பழ வியாபாரி ஏன் வரவில்லை என்று மட்டும் நீ எழுதவில்லை. நதியையும் நிலவையும் சொல்லாமல் விட்டவன் இதையும் விட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். திருத்திப் பழகிய கண், விட்ட இடத்திலேயே போய் நின்றது. ராணியிடம் அந்த ஆளின் பெயரைக் கேட்டுக்கொண்டு, போன வியாழக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குப் போய் ஆரஞ்சு மண்டியில் கியாசுதீனைத் தேடிப் பிடித்தேன். தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது, இரண்டு பிள்ளைகள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நான் கிளம்பி நின்னேம்மா. உங்க மகன் வந்து, அக்கா மனசு மாறிட்டாங்க, உங்களை வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லிச்சு. நான் நம்பிட்டேன். இப்ப எதுக்கும்மா கேக்கறீங்க?" என்றார். அது பொய் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தாய் இருக்கிறாள்.

ஏன் செய்தாய் என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. மானத்துக்குப் பயந்திருப்பாய், உனக்குப் பம்பாய் வேலைக்கு உத்தரவு வந்த மாதம் அது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் நானே அவளை வீட்டுக்குள் பூட்டியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூட்டியவள் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நீ அவளைத் தவிக்கவிட்டு, பிறகு நீயே போய்க் காப்பாற்றினாய். ஏழு வருஷம் அவள் நன்றியோடு உனக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினாள், அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நீ இந்தக் கதையை எழுதியிருக்கிறாய்.

அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அவள் அழவில்லை. "தம்பியா?" என்று ஒரு தரம் கேட்டாள், பிறகு அரிசியில் கல் பொறுக்குவதை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நேற்றுக் காலை ஒரு பெட்டியோடு போய்விட்டாள். வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, மடத்திலேயே தங்க இடம் தருகிறார்கள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். எந்த ஊர் என்று உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், நானும் சந்தோஷமாகவே கொடுத்தேன். ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டதே போதும்மா" என்றாள். பெற்று முப்பத்தொரு வருஷத்தில் அவள் என் கையைப் பிடித்தது நேற்றுத்தான்.

அப்பாவிடம் மார்க்கெட்டுக்குப் போன விஷயத்தைச் சொல்லவில்லை, அவருக்கு நீ ஒருத்தன்தான் பெருமை. கதையைச் சீக்கிரம் முடி. யார் எதற்காக என்ன செய்தார்கள் என்று கடைசி வாரத்திலாவது தெளிவாக எழுது, அப்பா வாசிப்பார். கிறிஸ்துமஸுக்கு லீவு போட வேண்டாம். அங்கே பனி இருந்தால் காதை மூடிக்கொள், வெளியில் எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அவரால் முடியும். தினமும் ஜெபத்தில் அப்பா உன் பெயரைச் சொல்லி முடித்து எனக்காகக் காத்திருக்கிறார். மூன்று நாளாக நான் ஆமென் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ச. இருதயமேரி