பதினோரு நிமிஷம் நீ பிடித்த மைக்

மாப்ள சாதிக்,

நல்லாருக்கியாடா? போனவன்கிட்டப் போய் நல்லாருக்கியான்னு கேக்கறான் பாரு கோமாளி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் கேட்கத்தான் செய்வேன். அங்கே தூசி இல்லைதானே? மூச்சு முட்டவில்லையே?

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோட்டைமேட்டில் உன் வீட்டு மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. நீயே பலகை அறுத்துச் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, கைப்பிடி கிழிந்த உன் நாற்காலி, சுவரில் சுருட்டித் தொங்கும் கேபிள்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் கூடுவதும் நிற்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று நான்தான் சொன்னேன். உன் பொண்டாட்டி விடவில்லை. "ஏனுங்கண்ணா, அவரு இல்லீன்னா பாட்டும் இல்லீங்களா?" என்று மும்தாஜ் ஒரே கேள்விதான் கேட்டாள்.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு நம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறு. நாம் நாலு பேர். நான் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறவன். லதா டீச்சர் வயலின். பிரகாஷ் கிட்டார். நீ மைக் செட்டு. சம்பாதிக்கிற பாட்டெல்லாம் வெளியே. நமக்காகச் செய்கிற பாட்டு மட்டும் அந்த அறைக்குள்.

அறைக்குச் சட்டம் போட்டது நீ. பாட்டு ஓடும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கேட்டவர் ஒவ்வொருவரும் அதிலிருந்து வெட்டி எடுக்க வேண்டியது ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டுச் செய்தவன் விளக்கம் சொல்ல வாயைத் திறக்கவே கூடாது. 'நல்லாருக்கு' என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடையாது. "நல்லாருக்குன்னு சொல்ல ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்க, நாம எதுக்குடா?" என்பாய். பாட்டுச் செய்தவன் பேசத் துடித்தால், "பாட்டு போற ஊட்டுக்கெல்லாம் நீயும் கூடப் போயி வெளக்கஞ் சொல்லுவியா?" என்பாய். அந்தச் சட்டத்தைத்தான் நான் போன மாதம் உடைத்துவிட்டேன்.

வால்பாறை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மறக்குமா, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தவன். எஸ்டேட் தொழிலாளிகளின் லைன் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் வேண்டும் என்று நான்தான் இழுத்துப்போனேன். இறங்கிப் பார்த்தால் மைக் ஸ்டாண்டைக் காணோம். நான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். நீ முறைத்தாய். அந்தக் கூரையடியில் நின்று மைக்கைக் கையிலேயே நீட்டிப் பிடித்தாய். பதினோரு நிமிஷம் மழை. நடுவில் உனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது, குளிர்காற்று ஆகாதே உனக்கு. போதும்டா என்று நான் சைகை காட்டியும் நீ அசையவில்லை.

அந்த மழையை வைத்து, நீ போன பிறகு, நான் ஆம்பியன்ட் மியூசிக் ஒன்று செய்தேன் மாப்ள. தாளம் இல்லை, பல்லவி இல்லை, மழைக்கு அடியில் நீளநீளமாய்ச் சில சுரங்கள் மட்டும். முன்னே இதுமாதிரி ஒன்று செய்தபோது நீ என்ன சொன்னாய்? "மண்டபத்துல எல்லாரும் சாப்புட்டுப் போனப்புறம் ஃபேன் மட்டும் ஓடிட்டிருக்குமே, அந்த மாதிரி இருக்குடா மச்சா." அன்று எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் அதைவிட நல்ல விமர்சனம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஆறாவது நிமிஷத்தில் உன் மூச்சு இரைக்கிற சத்தம் அந்த ரெக்கார்டிங்கில் இருந்தது. அரை நிமிஷம்தான். அதை நான் எடுக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, கனமாக்கி, கீபோர்டு சுரத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்ததுடா, வேறென்ன சொல்ல.

போட்டுக் காட்டினேன். முடிந்ததும் பிரகாஷ் முதலில் பேசினான். "ஆறாவது நிமிசத்துல அடியில என்னமோ ஒரசுதுடா. கேபிள் லூசாட்ட இருக்குது. அத எடுத்துப்போடு."

லதா டீச்சர் தயங்கித் தயங்கி, "நானும் அதையேதானுங்க சொல்லோணும்னு இருந்தேன். அது வரைக்கும் மழைக்குள்ளயே இருந்தேனுங்க. அந்த எடத்துல யாரோ தோளத் தொட்டு எழுப்புன மாதிரி ஆயிப்போச்சு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "கேபிளா? அது சாதிக்கோட மூச்சுடா!" என்று கத்திவிட்டேன்.

பிரகாஷ் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தெரியாமச் சொல்லிப்போட்டேன்டா. இருக்கட்டும், எடுக்காத" என்றான். லதா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்குங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் சொல்லாத வார்த்தை. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை மாப்ள, அவர்கள் கையிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டு மும்தாஜ் டீத் தட்டோடு மேலே வந்தாள். என்னங்கண்ணா என்று கேட்டாள். சொன்னேன். நானும் கேக்கறேன் என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை, தங்கச்சி கேட்டால் உருகிப்போய்விடுவாள் என்று. ஆறாவது நிமிஷத்தை மட்டும் போட்டேன்.

அவள் அழவில்லைடா. தட்டை டக்கென்று கீழே வைத்தாள். அவள் கை தானாக அலமாரிப் பக்கம் போனது, உன் இன்ஹேலர் எப்போதும் இருக்குமே, அந்த அடுக்குக்கு. அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. இந்தச் சத்தம் கேட்டா நான் அடுப்ப அணைச்சுப்போட்டு ஓடியாருவேன். இருவது வருசம் அப்படித்தானுங்க. உங்களுக்கு இது அவரு. எனக்கு இது அவரக் கொண்டுபோனது."

வெட்கமாகப் போய்விட்டது. பாட்டில் உன் மூச்சை வைக்கிறேனே, இதைத் தினம் கேட்டுப் பயந்தவளை ஒரு வார்த்தை கேட்டேனா? எனக்கு நீ வேண்டும் என்று மட்டும்தானே பார்த்தேன்? நீ இருந்திருந்தால் தலையில் ஒன்று போட்டிருப்பாய்.

கிணத்துக்கடவில் என் வீட்டுக்கு வந்து மறுநாளே உட்கார்ந்தேன். அந்த அரை நிமிஷத்தை வெட்டி எடுத்தேன். கை ஓடவில்லை, இரண்டு தடவை எழுந்து தோப்புக்குள் நடந்துவிட்டு வந்தேன். வெட்டிய இடத்தைப் பக்கத்து நிமிஷத்து மழையை வைத்துத் தைத்தேன். தையல் தெரிகிறதா என்று பார்க்க, வேறு சுரம் எதுவும் இல்லாமல் வெறும் மழையை முழுசாகக் கேட்டேன். பதினோரு நிமிஷமும்.

அப்போதுதான்டா கவனித்தேன். எங்கேயும் மைக் ஆடவில்லை. கை மாறவில்லை. ஒரு உரசல் இல்லை. சந்தேகம் வந்து, நானே மொட்டை மாடியில் ஒரு மைக்கைக் கையில் நீட்டிப் பிடித்து நின்று பார்த்தேன். மூணாவது நிமிஷத்தில் தோள் கழன்றுபோகிற மாதிரி ஒரு வலி, கை நடுங்கி ரெக்கார்டிங் முழுக்கக் கரகரவென்று சத்தம். நீ மூச்சு இரைத்துக்கொண்டே பதினோரு நிமிஷம் எப்படிடா நின்றாய்? திரும்பி வரும்போது பஸ்ஸில் கை வலிக்கிறது என்றுகூட நீ சொல்லவில்லையே. ஸ்டாண்டைத் தொலைத்ததற்கு மட்டும் பொள்ளாச்சி வரைக்கும் திட்டினாய்.

நான் உன்னை அந்த அரை நிமிஷத்தில் தேடிக்கொண்டிருந்தேன். நீ மழை முழுக்க இருந்திருக்கிறாய்.

போன ஞாயிறு மறுபடி போட்டேன். லதா டீச்சர் மும்தாஜைக் கைப்பிடித்து உட்கார வைத்தார். காலியாக இருந்தது உன் நாற்காலி ஒன்றுதான். அதன் ஓரமாய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முடிந்தது. நான் மூச்சுக் காட்டவில்லை.

பிரகாஷுக்கு முதலில் பயம், பிறகு பழையபடி ஆகிவிட்டான். "தொடக்கத்துல ஒரு மணி அடிக்குதே, கோயில் மணியா சைக்கிள் மணியா ஒண்ணும் புரியல, எடுத்துப்போடு" என்றான். லதா டீச்சர் மூன்றாவது நிமிஷத்தில் ஒரு சுரம் அதிகம் என்றார். அப்புறம் எல்லாரும் மும்தாஜைப் பார்த்தார்கள்.

"நானுமா?"

"உக்காந்துட்டா சொல்லோணும் அம்மணி, அதுதான் இங்க சட்டம்" என்றார் டீச்சர்.

மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாள். பிறகு, "கடைசியில ரெண்டு நிமிசத்த எடுத்துப்போடுங்கண்ணா. மழ நின்னதுக்கப்புறமும் நீங்க நிக்காம வாசிச்சுட்டே இருக்கீங்க" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள் பாரு, அந்தச் சிரிப்பைக் கேட்டே ஒரு வருஷமாச்சு. பிரகாஷும் டீச்சரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து தொலைத்தது.

வாக்குக் கொடுக்கிறேன் மாப்ள. அந்த மணியை எடுத்துவிடுகிறேன், அந்தச் சுரத்தையும். பாட்டை வெளியே விடும்போது அதற்குக் கீழே 'மைக்: சாதிக்' என்று மட்டும் இருக்கும். யார் ஏனென்று கேட்டாலும் விளக்கம் சொல்ல மாட்டேன். தங்கச்சி சொன்ன இரண்டு நிமிஷத்தையும் எடுத்துவிடுகிறேன். மழை நிற்கிற இடத்தில் நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்டாண்டைப் பஸ்ஸில் விட்ட உன் மச்சான்,
செந்தில்