ஆம்ப்ரோஸ் ஹாடோ மனைவியை மீட்ட கதை

வினிபெக்,
1910 மார்ச் 8

அன்புள்ள லவீனியாவுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இத்தனை காலம் கழித்து என் கையெழுத்தைக் கண்டு நீ திகைக்கலாம். நல்ல செய்திக்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் கிரீ பழங்குடிகள் செய்த கலகத்தை அடக்கி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவதையொட்டி, எங்கள் முன்னோடிக் குடியேறிகள் சங்கம் ஓநாய் ஆற்றங்கரையில் ஒரு நினைவுக் கல் நாட்டுகிறது. மலர் ஒன்றும் வெளியிடுகிறது. சங்கத் தலைவர் நான்தான் என்பதைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய், அங்கெல்லாம் பத்திரிகை வருகிறது என்றால்.

மலருக்கு உன் கையால் நான்கு பக்கம் வேண்டும். 'காட்டுமிராண்டிகளிடம் நான் சிறைப்பட்ட நாட்கள்' என்று தலைப்பை நானே வைத்துவிட்டேன். குளிர், பசி, பயம், விடிய விடிய முரசுச் சத்தம், கடைசியில் நான் வந்து மீட்டது. இந்த வரிசையில் எழுதினால் போதும். உணர்ச்சி சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். உனக்கு எழுத்து வராது என்று தெரியும். திருத்துவதற்கு ஆள் இருக்கிறது.

ஜூலையில் திறப்பு விழா. நம் மகள் கோரா திரையை விலக்குவாள். மேடையில் உனக்கும் ஒரு நாற்காலி உண்டு. கறுப்பு உடையில் வா. கையுறை போட்டுக்கொள்; உன் கைகள் இப்போது என்ன கதியில் இருக்கின்றனவோ. உன் அக்கம்பக்கத்துக் கிரீ ஜனங்கள் யாரையும் கூட்டிவராதே.

உன் அன்புக் கணவன்,
ஆம்ப்ரோஸ் ஹாடோ

*

ஓநாய் ஆற்றங்கரை,
ஏப்ரல் 2

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கு,

நலம். பசு கன்று போட்டிருக்கிறது. கூரை ஒழுகுகிறது. நீங்கள் வேய்ந்த கூரை, வேறெப்படி இருக்கும்?

கலகச் செய்தி வந்த காலையில் என்ன நடந்தது என்பது மேடைப் பேச்சுகளில் உங்களுக்கு மறந்திருக்கும். நான் நிறைமாதம். "இந்த நிலைமைல நீ பனில வரக் கூடாது லவீனியா. நான் கோட்டைக்குப் போய் சிப்பாய்ங்களைக் கூட்டிக்கிட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்" என்றீர்கள். இரண்டு குதிரைகளையும் பூட்டினீர்கள். சறுக்கு வண்டியில் எனக்கு எப்படியும் இடமிருந்திருக்காது; உங்கள் அம்மாவின் நிலைக்கடிகாரமும் பன்றிக்கறிப் பீப்பாயும் ஏறியிருந்தன. எந்த மாதத்துச் சாயங்காலம் என்று கேட்டுவைக்காதது என் தப்பு.

மறுநாள் கீவேதினும் அவன் மனைவி மீகிஸும் வந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களுடைய கிரீ ஜனங்களின் ரேஷனை நிறுத்திவைத்தவர் உங்கள் சிநேகிதர், அரசாங்க ஏஜெண்ட். மாவு கேட்டு வந்த கீவேதின்மீது நாயை ஏவியவர் நீங்கள். அதே வாசலில்தான் அவன் நின்றான்.

"உன் புருஷன் எங்க?"

"கோட்டைக்குப் போயிருக்கார்."

"குதிரைங்க?"

"அதுங்களும்தான்."

அவன் மீகிஸைத் திரும்பிப் பார்த்தான். "பரவால்லடி, குதிரைங்களைக் காப்பாத்திட்டான்."

மீகிஸ் சிரிக்கவில்லை. என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஏ பொண்ணே, வலி எப்ப எடுத்துது?" என்றாள்.

ஆற்றுக்கு அப்பால் வாலிபர்கள் வீடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் இவர்கள் என்னை எருமைத் தோலில் சுற்றித் தூக்கிப்போனார்கள். கோரா அவர்களுடைய கூடாரத்தில் பிறந்தாள். நம் வீட்டு மாவைத்தான் எடுத்துவந்து ரொட்டி சுட்டார்கள். முதல் துண்டு எனக்கு. முரசு கேட்டது உண்மை. அதைவிட உங்கள் குறட்டை மோசம்.

புல் முளைத்தபின் பட்டாளம் வந்தது. பட்டாளத்துக்குப் பின்னால், சமையல் வண்டிக்கும் பின்னால், நீங்கள் வந்தீர்கள். கீவேதின் தானாக நடந்துவந்து என்னையும் குழந்தையையும் ஒப்படைத்தான். அவன் என்னைக் கடத்தியதாக நீங்கள் கோர்ட்டில் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தீர்கள். நான் எழுந்து, இல்லை என்று கத்தினேன். "பிள்ளை பெத்த உடம்பு, பாவம், புத்தி தடுமாறுது" என்றார் நீதிபதி. நீங்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். கீவேதின் சிறையிலேயே இருமி இருமிச் செத்தான். அதே 'புத்தி தடுமாற்றத்தை'க் காட்டித்தான் கோராவை நாலு வயதில் என்னிடமிருந்து பிரித்துக்கொண்டுபோனீர்கள்.

நான்கு பக்கத்துக்கு இது போதும். உணர்ச்சியும் தூக்கலாகத்தான் இருக்கிறது. அச்சிடுவீர்களா?

லவீனியா

*

வினிபெக்,
மே 11

லவீனியா,

உன் கிறுக்கலை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அவர்கள் சட்டியில் கஞ்சி குடித்தவளிடம் நன்றியை எதிர்பார்த்தது என் பிழை. மனைவியைப் பறிகொடுத்த கணவன் என்று இந்த ஊரே என்னைத் தாங்கியது. ஏஜெண்ட், பாதிரியார், பத்திரிகைக்காரர், எல்லோரும் என் வார்த்தையை நம்பினார்கள். உன் வார்த்தையை நம்பியது யார்? ஒரு கிரீ கிழவி!

நீ குடியிருக்கும் நிலம் என் பெயரில் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வை. வேறு எங்காவது வாயைத் திறந்தால் விற்றுவிடுவேன்.

கோரா கோட்டையில் பிறந்ததாகத்தான் அறிவாள், கொடிமரத்தின் கீழே. அவள் தாய் சுயபுத்தியில் இல்லை என்பதையும் அறிவாள். ஒரு வங்கி அதிகாரியின் மகனுக்கு அவளைப் பேசியிருக்கிறோம். உன்னை விழாவுக்கு அழைத்துவர அவளே போகிறேன் என்கிறாள். கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மீறி வந்தால் கதவைத் திறக்காதே.

ஆ. ஹாடோ

*

ஓநாய் ஆற்றங்கரை,
ஜூன் 9

ஐயா,

கோரா வந்தாள். கதவைத் திறந்தேன்.

உங்கள் தாடை அவளுக்கு. அதை மன்னித்துவிட்டேன். முதலில் என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, காது கேளாதவளிடம் பேசுவதுபோலப் பேசினாள். "அம்மா, நான் யாருன்னு தெரியுதா?" "தெரியுது. உனக்குக் காப்பி போடட்டுமா, இல்ல என்னைக் கட்டிப்போடப் போறியா?" என்றேன். அதற்குப் பிறகு சாதாரணமாகப் பேசினாள்.

நான் எதையும் சொல்லவில்லை. பைத்தியக்காரி சொல்லி என்ன பிரயோசனம்? மீகிஸ் வீட்டுக்கு அழைத்துப்போனேன். உங்கள் மகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, வாசலிலேயே நின்றாள். மீகிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுவா அந்தப் புள்ள? கால் வெளிய வந்து, தலை வரமாட்டேன்னு அடம் புடிச்சது. இப்பவும் பாரு, பாதி உள்ள பாதி வெளியன்னுதான் நிக்குது. உள்ள வரச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். கோரா வெளுத்துப்போனாள். "நான் கோட்டைல பிறந்தேன்" என்றாள்.

"கோட்டைல கடிகாரம் இருந்துச்சு, குதிரை இருந்துச்சு. உங்கம்மா இங்க இருந்தா" என்றாள் மீகிஸ். அடுப்புக்குப் பக்கத்தில் தரையைக் காட்டினாள். "கூடாரம் இங்கதான் நின்னுச்சு. என் வீட்டுக்காரரு வெளிய உக்காந்து, யாரும் கிட்ட வராம பாத்துக்கிட்டாரு. அதுக்குத்தான் அவரை ஜெயில்ல போட்டாங்க."

"அப்பா பொய் சொல்ல மாட்டார்" என்று கோரா ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னாள். மீகிஸுக்கு மொழிபெயர்க்கவில்லை; பாஷை தேவைப்படாத வாக்கியம் அது. கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோராவுடன் திரும்பி வந்தேன். வீட்டு வாசலில்தான் கேட்டாள்: "இவங்க சொல்றது பொய்னா அப்பா சிரிச்சுட்டு விட்டிருப்பாரே. நான் இங்க வரக் கூடாதுன்னு எதுக்கு அப்படிப் பயந்தாரு?"

உங்கள் கடிதங்களை நான் காட்டவில்லை. தேவைப்படவில்லை.

நிலத்தை விற்றுவிடுங்கள். வாங்க வருகிறவரிடமும் இதையெல்லாம் சொல்வேன்.

லவீனியா

*

வினிபெக்,
ஜூலை 14

லவீனியா,

திருப்தியா உனக்கு?

ஐந்நூறு பேர் முன்னால் என் மகள் பெயரைச் சொல்லி அழைக்கிறேன், அவள் மேடைக்கு வரவில்லை. கீழே உன்னோடும் அந்தக் கிழவியோடும் நிற்கிறாள். திரையை நானே இழுக்க வேண்டியதாயிற்று. வாத்தியம் ஓய்ந்த சமயம் பார்த்து அந்தக் கிழவி உன்னிடம் ஏதோ கேட்டாள். நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். தேசிய கீதத்துக்கு முன்னால்! என்ன சொன்னாள் என்று இங்கே எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். அவதூறாக ஏதாவது இருந்தால் வழக்குப் போடுவேன்.

வங்கிக் குடும்பத்தார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். கோராவை உடனே அனுப்பிவை.

ஆம்ப்ரோஸ் ஹாடோ

*

ஓநாய் ஆற்றங்கரை,
ஜூலை 30

திரு. ஹாடோ அவர்களுக்கு,

வழக்குப் போடுவதற்கு வசதியாக, நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று மீகிஸ் கேட்டாள். "ஆம்ப்ரோஸ் ஹாடோ, எதிரிகள் நடுவே தனியாளாகப் புகுந்து தம் மனைவியை மீட்டவர்" என்று படித்துச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது யாருடி? உன்னைத் தவிர இன்னொருத்தியையும் வச்சிருந்தானா?" என்றாள். கோராவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான்.

கோராவை நான் அனுப்புவதற்கு அவள் பார்சல் இல்லை. விழா முடிந்த அன்றே மீகிஸ் வீட்டுக்குப் போனாள். முக்காடிட்டுக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்கும் நாடகம் எதுவும் இல்லை. "உங்க வீட்டுக்காரரை எங்க புதைச்சிருக்காங்க?" என்று கேட்டாள். "ஜெயிலுக்குள்ளதான். உடம்பைக் கேட்டுப் போனோம், கதவையே திறக்கல" என்றாள் மீகிஸ். கோரா ஒரு வக்கீலைப் பார்த்தாள். எலும்புகளைத் தோண்டி எடுத்துவர அனுமதி கிடைக்கலாமாம், தீர்ப்பே தவறு என்று காட்டினால். அதற்கு, சத்தியம் செய்த சாட்சி தன் சாட்சியம் பொய் என்று எழுதித் தர வேண்டும். என் எழுத்து செல்லாது. புத்தி தடுமாறியவள் என்று அரசாங்கமே பதிந்து வைத்திருக்கிறது அல்லவா.

ஒரே ஒரு வரி. கீவேதின் என்னைக் கடத்தவில்லை என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். கல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். காக்கைகளுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும்.

இந்த ஒரு வரியை உங்களிடம் கேட்கும்படி சொன்னவள் கோரா. வீண் என்று நான் சொன்னேன். "அப்பா கோழைதான். ஆனா செத்தவர் விஷயத்துல இப்படி இருக்க மாட்டார். ஒரு தடவை கேட்டுப் பாருங்கம்மா" என்கிறாள்.

நீங்கள் எழுத மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது. தபால் வண்டி வரும் நாளெல்லாம் பாதைவரை நடந்துபோய் நிற்கிறாள்.

இப்படிக்கு,
லவீனியா பெக்
(என் தகப்பனார் பெயர் இது. மீதமிருக்கும் காலத்துக்கு இதையே வைத்துக்கொள்கிறேன்.)